சாளையைக்கூட முகர்ந்துவிட்டுப் போகிறதா பூனை? மருந்தைச் சாப்பாட்டில் கலக்காதீர்கள்!

இராஜாக்கமங்கலம்துறையில் வள்ளம் கரையேறும் நேரம் காகத்துக்குத் தெரியும், பூனைக்கும் தெரியும். வலையை உதறும்போது சிதறும் சாளையும் நெத்தோலியும் போதும், கடற்கரைப் பூனைகளின் வயிறு நிறைந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் 'எங்க வீட்டு பூச்சை ஒண்ணும் திங்க மாட்டேங்கு' என்று யாராவது சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். (குமரி மாவட்டத்தில் பூனைக்குப் பூச்சை என்றுதான் பெயர். கம்பர் காலத்துப் 'பூசை'தான் அது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.)

ஆனால் சொல்கிறவர்களுக்கு அது சிரிப்பு இல்லை. தென்னந்தோப்பு ஓரத்து வீடுகளில் செல்லமாக வளரும் பூனைகள் பலவற்றுக்கு வயிறு அவ்வளவு லேசு. காலையில் வாந்தி, மதியம் இளக்கமாக மலம், ராத்திரி தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பி நடப்பது. டாக்டரிடம் கொண்டுபோனால் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதித் தருவார். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றே ஒன்று. மாத்திரையைப் பொடித்து, பூனைக்கு ரொம்பப் பிடித்த மீனுக்குள் ஒளித்து வைப்பது.

முதல் நாள் பூனை ஒரு வாய் தின்றுவிட்டுத் துப்பும். இரண்டாம் நாள் மாத்திரை கலக்காத மீனையும் தொடாது. மூன்றாம் நாள் அந்தத் தட்டு வைக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுக்கப் போய், பூனை பட்டினியில் விழுந்துவிடுகிறது.

மனிதர்கள் இரண்டு நாள் விரதம் இருக்கலாம். நாய்கூடத் தாங்கும். பூனை தாங்காது. அதன் உடம்பு பட்டினி கிடக்கும்போது சேமித்து வைத்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்பும். அவ்வளவு கொழுப்பைச் செரித்து வெளியேற்ற அந்தக் கல்லீரலால் முடியாது. கொழுப்பு அங்கேயே படிந்து, காதின் உள்பக்கமும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகத் தொடங்கும். கொழுகொழு என்றிருக்கும் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு, மூன்று நாள் முழுப் பட்டினியே இதற்குப் போதும். அந்த நிலைக்குப் போய்விட்டால் குழாய் வைத்து வாரக்கணக்கில் உணவு செலுத்த வேண்டியிருக்கும்; எல்லாப் பூனையும் பிழைப்பதும் இல்லை. வயிற்றுக் கோளாறு உள்ள பூனைக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ, அது தட்டுக்கு வருவதும் அவ்வளவு முக்கியம்.

தெனாலிராமன் பூனை சொல்லும் பாடம்

கிருஷ்ணதேவராயர் பூனை வளர்க்கச் சொல்லிப் பசுவும் கொடுத்த கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. தெனாலிராமன் கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான். நாக்கு வெந்த பூனை அதன் பிறகு பாலைக் கண்டாலே ஓடியது. கதையாகக் கேட்டால் வேடிக்கை. நோயுற்ற பூனை இருக்கும் வீட்டில் நடப்பது இதே கதைதான்.

1955-ல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்து இதைக் காட்டினார். இனிப்புத் தண்ணீர் குடிக்கும் சமயத்தில் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துக் குமட்டலை உண்டாக்கினார்கள். பிறகு அந்த எலிகள் இனிப்புத் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. குற்றம் தண்ணீருடையது இல்லை; ஆனால் குமட்டலும் ருசியும் மூளையில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. பூனைக்கும் அப்படித்தான். கசப்பு மாத்திரை கலந்த மீனை அது 'மாத்திரை கலந்த மீன்' என்று நினைவில் வைப்பதில்லை. 'மீன்' என்றுதான் வைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள். சாப்பாடு வேறு, மருந்து வேறு. நேரமும் வேறு, இடமும் வேறு. சோறு வைக்கும் திண்ணையில் மருந்து வேண்டாம். வீட்டில் சாப்பாடு வைப்பவர் அம்மா என்றால், மாத்திரை கொடுக்கும் பொல்லாப்பை அப்பாவோ அண்ணனோ ஏற்றுக்கொள்ளலாம். இன்னொன்று, பூனை குமட்டிக்கொண்டு கிடக்கும்போதே டாக்டர் சொன்ன புது உணவை முகத்துக்கு நேராக நீட்டக் கூடாது. நாளைக்கு அது தேறிய பிறகும் அந்த உணவு வேண்டாம் என்றாகிவிடும். வாந்தி அடங்கியதும் அறிமுகப்படுத்தினால் போதும்.

தேனில் குழைத்தால்?

நம் வீடுகளில் கசப்பு மருந்துக்குத் தேன்தான் துணை. பூனையிடம் இந்த வித்தை செல்லாது. அதற்கு இனிப்பு என்ற ருசியே தெரியாது. இனிப்பை உணரும் நாக்கின் ஏற்பிக்கு வேண்டிய இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-ல் கண்டுபிடித்தார்கள். தேனோ, குழந்தைகளுக்கான ஆரஞ்சு மணச் சிரப்போ, பூனைக்கு வெறும் பிசுபிசுப்பு. கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும்.

வயிற்றுப்போக்குக்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல் கசப்பில் பெயர் போனது. அதைப் பொடித்து நாக்கில் தடவினால் பூனையின் வாயில் நுரை தள்ளும், எச்சில் கயிறுபோல் ஒழுகும். வலிப்பு வந்துவிட்டதென்று வீடே பதறும். பெரும்பாலும் அது கசப்பினால் வரும் நுரைதான், சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் மருந்து முழுக்க எச்சிலோடு தரையில். இந்த மாதிரி மாத்திரையைப் பொடிக்காமல் முழுசாக விழுங்க வைப்பதே நல்லது. துண்டாக உடைக்க வேண்டியிருந்தால் காலி கேப்சூல் கூட்டுக்குள் போட்டுக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

விழுங்க வைப்பது கேட்பதற்குப் பயமாக இருக்கும். பத்து விநாடி வேலைதான். மாத்திரையை முதலில் கையருகே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பூனையைப் பிடித்த பிறகு அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. பெரிய துவர்த்து ஒன்றில் கழுத்துவரை பொதிந்து, மேசையிலோ மடியிலோ, பூனையின் முதுகு உங்கள் வயிற்றைத் தொடும்படி உட்கார வைக்க வேண்டும். நேருக்கு நேர் நின்றால் அது சண்டைக்கு அழைப்பதுபோல. ஒரு கையால் தலையை மேலிருந்து, கன்ன எலும்புகளைப் பிடித்து, மூக்கு மேலே பார்க்கும்படி லேசாகச் சாய்த்தால் கீழ்த்தாடை தானே தளரும். மறு கையின் நடுவிரலால் முன்பற்களை மெல்ல அழுத்தி வாயைத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் நடுவில் மாத்திரையைப் போட வேண்டும். நாக்கு நுனியில் போட்டால் துப்பிவிடும். வாயை மூடித் தொண்டையை நீவிவிட்டால், பூனை தன் மூக்கை ஒருமுறை நக்கும். விழுங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதோடு வேலை முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. பூனையின் உணவுக்குழாயில் உலர்ந்த மாத்திரை பல நிமிடம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்சிசைக்ளின் போன்ற மருந்து அங்கே நின்றால் குழாயையே அரித்துப் புண்ணாக்கி, பின்னாளில் சாப்பாடு இறங்காத அளவுக்குச் சுருக்கிவிடும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் 5 அல்லது 6 மில்லி தண்ணீரை, கோரைப்பல்லுக்குப் பின்னால், கன்னத்தின் பக்கவாட்டில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீரோ சிரப்போ கொடுக்கும்போது தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தலை சாதாரணமாக இருந்தாலே போதும். மாத்திரைமேல் துளி வெண்ணெய் தடவினாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

சண்டை பெரிதாகிக் கடித்துவிட்டால், அந்த இடத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். 'வீட்டுப் பூச்சைதானே' என்ற பேச்சு வெறிநோய்த் தடுப்பூசி விஷயத்தில் எடுபடாது.

கசப்பில்லாத மாத்திரை என்றால் மட்டும் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. தினசரி உணவில் சேராத ஒரு பண்டத்தில், வேகவைத்த கோழி ஈரல் என்று வைத்துக்கொள்வோம், மூன்று சிறு துண்டு. முதல் துண்டு சும்மா. இரண்டாவதில் மருந்து. அது விழுங்குவதற்குள் மூன்றாவதைக் காட்டிவிட வேண்டும். பேராசையில் இரண்டாவது மெல்லப்படாமல் இறங்கிவிடும். முழு மாத்திரையையும் ஒரு தட்டுச் சாப்பாட்டில் கலப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாதி தின்றால் பாதி மருந்துதான் போயிருக்கிறது என்ற குழப்பமும் இல்லை.

எதற்கும் மசியாத பூனையும் உண்டு. 'மாத்திரை வேண்டாம் டாக்டர், இதற்கு ஊசியாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா?' என்று முதலிலேயே கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பூனையின் வாயோடு போராடி விஞ்ஞானிகளே சலித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பசியைத் தூண்டும் மிர்ட்டாசபின் மருந்தைக் காதின் உள்மடலில் தடவும் களிம்பாகச் செய்து, அமெரிக்காவில் 2018-ல் அதற்கு அனுமதியும் வாங்கினார்கள்.

வீட்டு மருந்துப் பெட்டி

இதை மட்டும் தடித்த எழுத்தில் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டி வைத்தாலும் தகும்: பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். மனிதக் கல்லீரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் செய்ய இயலாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், உயிர் போக. 'உடம்பு சுடுது, கால் மாத்திரைதானே' என்று அன்போடு கொடுத்ததுதான் பெரும்பாலும் எமனாகிறது. பூனையின் உடல்வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், நமக்கு வாங்கி வைத்த பேதி மாத்திரையும்கூட டாக்டர் சொல்லாமல் பூனைக்குக் கூடாது. தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறி வரக் காத்திருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் இருக்காது.

தட்டில் என்ன வைப்பது?

கம்பர் தன் இராமாயணத்தைத் தொடங்கும்போது, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூசையோடு தன்னை ஒப்பிட்டு அடக்கம் காட்டுவார். பூனைக்கும் பாலுக்கும் அவ்வளவு பழைய உறவு. ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதாது. வயிறு இளகிய பூனைக்குத் 'தெம்பு வரட்டும்' என்று பால் ஊற்றினால் இன்னும் இளகும். வயிறு லேசான பூனை உள்ள வீட்டில் முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டியது பாலைத்தான். அதிலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டால் ஆச்சரியம் இல்லை.

அடுத்தது மீன்குழம்புச் சோறு. இங்கே மீனைவிடக் குழம்புதான் வில்லன். அரைத்துவிட்ட தேங்காய், மிளகாய், புளி எல்லாவற்றையும்விட அதில் வதங்கிக் கிடக்கும் சின்ன உள்ளியும் பூண்டும் மோசம். உள்ளி வகை எதுவானாலும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. குழம்பில் போட்ட மீனைக் கழுவிக் கொடுப்பதும் சரியான வழி இல்லை. பூனைக்கான துண்டை உப்புக்கூடப் போடாமல் முதலிலேயே தனியாக எடுத்து வேகவைத்து, முள் நீக்கி வைப்பதுதான் வழி.

பச்சை மீனும் அவ்வளவு பத்திரமில்லை. நெத்தோலி போன்ற சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. நாள்தோறும் பச்சையாகத் தின்றால் பூனைக்குப் பசி குறைந்து, தலை தொங்கி, நடை தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். சாளை, சூரை போன்ற எண்ணெய் மீன்களை மட்டுமே வருடக்கணக்கில் கொடுத்தால் உடம்பின் கொழுப்பில் அழற்சி வந்து, தொட்டாலே வலிக்கும் நோய் ஒன்றும் உண்டு. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மீன் என்றால் கவலை இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்கள் நம்ப மறுக்கும் ஒரு செய்தியும் இருக்கிறது. பூனைகளுக்கு உணவு ஒவ்வாமை அதிகம் தரும் பொருள்களில் மாட்டிறைச்சி, கோழியோடு மீனும் முன்வரிசையில் நிற்கிறது. பிறந்ததிலிருந்து மீன் தின்று வளர்ந்த பூனைக்கு வயிறு அடிக்கடி கெட்டால் அந்த மீனே காரணமாக இருக்கலாம். கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்புவதைவிட, டாக்டர் யோசனையோடு அது இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பது மேல். வயிறு சம்பந்தப்பட்டது என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிந்துவிடும். அந்த இரண்டு வாரமும் பக்கத்து வீட்டு ஆச்சி பாசத்தில் ஒரு துண்டு கருவாடு போடாமல் பார்த்துக்கொள்வதுதான் மெனக்கெடான வேலை.

வயிறு கெட்ட ஓரிரு நாளைக்கு, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து, நாலைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கலாம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. பூனை தானாகப் போதிய அளவு தயாரிக்க முடியாத டாரின் என்ற சத்து அதில்தான் கரைந்து நிற்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் பூனை உணவு தயாரிப்பவர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். வெறும் கோழியும் சோறும் மாதக்கணக்கில் போதாது என்பதற்கும், நாய்க்கு வாங்கிய உணவைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். தேறியதும் பழைய உணவுக்கோ புது உணவுக்கோ ஒரே நாளில் தாவாமல், 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும்.

பிகு பண்ணும் பூனைக்குச் சூடு பெரிய விஷயம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கறிக்கு வாசனை இல்லை. வாசனை இல்லாதது அதற்கு உணவே இல்லை. இளஞ்சூட்டில், அப்போதுதான் பிடித்த எலியின் சூட்டில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், வைத்தால் முகர்ந்துவிட்டுப் போன பூனை திரும்பி வரும். அகலமான தட்டு, மண்தட்டிலிருந்து தள்ளிய இடம், அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவது. எறும்பு மொய்த்த தட்டைப் பூனை தொடாது. தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே தட்டை வைத்தால் எறும்பு வராது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

24 மணி நேரம் ஒன்றுமே தின்னாத பெரிய பூனை. அதில் பாதி நேரம் தின்னாத குட்டி. ரத்தம் கலந்த மலம். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. பிடரித் தோலைத் தூக்கி விட்டால் உடனே படியாமல் கூடாரம்போல் நிற்பது. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் அது பான்லுகோபீனியா வைரஸாக இருக்கலாம். ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போட முடியாது. எட்டு வார வயதில் தொடங்கும் தடுப்பூசி இதற்குத்தான்.

துறைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொன்று. மீன் வாசம் ஏறிய வலை நூலும் தூண்டில் நரம்பும் பூனைக்குப் பண்டம். விழுங்கிய நூல் குடலைச் சுருக்குப்பைபோல் இழுத்து, அறுத்தும்விடும். விடாத வாந்தியோடு வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே கூடாது, வெட்டவும் வேண்டாம். அப்படியே டாக்டரிடம்.

இராஜாக்கமங்கலத்துக்காரர்களுக்கு நாகர்கோவில் பக்கம்; அங்கே அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். போகும்போது மூன்று சங்கதி கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்: வாந்தி எடுப்பதைப் போனில் பிடித்த வீடியோ, மலத்தின் படம், கடைசி மூன்று நாளில் தின்ற எல்லாவற்றின் பட்டியல். அந்தப் பட்டியலில் ஆச்சி போட்ட கருவாடும் இருக்க வேண்டும். மருந்தின் அளவு எடையை வைத்துத்தான் என்பதால், பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பஸ்ஸில் கொண்டுபோக மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை போதும். ஆனால் அதைப் பரணிலிருந்து அன்றைக்குத்தான் இறக்கினால் பூனை மரத்தில் இருக்கும். ஒரு வாரத்துக்கு முன்பே பழைய துவர்த்து ஒன்றைப் போட்டு மூலையில் வைத்துவிட்டால், அது தானே ஏறிப் படுத்துக்கொள்ளும்.